கூடைப்பந்து வீரர்தம் திறன்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியம் முழங்கும் மேடையில் ரயில்வே எழுத்தர் ஒருவன் கூடைப்பந்தைப் பற்றிப் பேசுவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஆள்வினையுடைமைக்குத் தனி அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். ஆதலின், உடலுழைப்பின் சிறப்பும் இம்மேடைக்கு உரியதே.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் பழக்கூடைகளை மாட்டி இவ்விளையாட்டைத் தொடங்கினார். அன்று அமைந்த 10 அடி உயரமே இன்றும் வளையத்தின் உயரம். வளையத்தின் விட்டம் 18 அங்குலம். பந்தின் விட்டமோ ஏறத்தாழ ஒன்பதரை அங்குலம். பந்து மேலிருந்து இறங்கினால் இடம் தாராளம். சாய்ந்து வந்தால் வழி குறுகிவிடும். ஆகவேதான் தேர்ந்தவர்கள் பந்தை உயர வளைத்து எறிகின்றனர். அதனையும் எதிரியின் கை மறைக்க, 24 வினாடிக்குள் செய்தல் வேண்டும்!

துள்ளியெழுந்த வீரர் வானில் நிற்பதுபோல் தோன்றுவதற்கும் காரணம் உண்டு. 3 அடி எழும்புபவர் ஒரு வினாடிக்கும் குறைவாகவே நிலம் நீங்கியிருக்கிறார். அந்நேரத்திற் பாதி, அவ்வுயரத்தின் மேற்காற்பகுதியிலேயே கழிகின்றது. அக்கணத்திலேதான் அவர் குறி பார்க்கிறார்.

அமெரிக்காவில் ஆட்டமே தொழில். நம் நாட்டிலோ ரயில்வே போன்ற துறைகள் தரும் வேலையே ஆட்டக்காரர் பலர்க்கு நிழல். தென்னக ரயில்வேயில் பணிபுரிந்துகொண்டே இந்திய மகளிர் அணிக்குத் தலைமை தாங்கியவர் சென்னை அனிதா பால்துரை. தாயான பின்னரும் களம் புகுந்து, 2017-இல் பெங்களூரில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவில் வென்ற இந்திய அணியில் ஆடினார். 2021-இல் பத்மஸ்ரீ விருது அவரை அடைந்தது.

ஆயினும், "விளையாட்டால் வேலைக்கு வந்தவர்தாமே" என்று இளக்காரமாகப் பேசுவோர் அலுவலகங்களில் உளர். அன்பர்களே, ஏட்டில் நேர்ந்த பிழையை நாம் மறுநாள் திருத்தலாம்; அவர் பிழையோ ஆயிரம் கண்கள் காண அப்பொழுதே தீர்ப்பாகிவிடும். முப்பத்தைந்து வயதில் நமக்குப் பதவி உயர்வு தொடங்கும். அவருக்கு ஆட்டமே முடியும். அவர் பெற்ற வேலை சலுகையன்று. இளமையைக் கொடுத்துப் பெற்ற கூலி.

தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் பெண்மக்களை ஆடுகளத்தினின்று வீட்டிற்கு அழைத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடை உண்டு. அதனை விட்டொழிப்போம். மாலையில் ஒரு மணி நேரம் அவர்கள் ஆடட்டும். மைசூர்த் திடல்களில் கன்னடச் சிறுமியர் எறியும் பந்தை நம் சிறுமியர் ஏந்தட்டும். பிழைக்க வந்த ஊர் உறவாகும் வழி அதுவே.