முகம் கொடுத்துப் பேசுதல்



நல்ல மருத்துவரைச் சொல்ல நம் மக்களிடம் இரண்டு வழக்குகள் உண்டு. ஒன்று, ‘முகம் கொடுத்துப் பேசுவார்’. இன்னொன்று, ‘கைராசிக்காரர்’. படித்த படிப்பைப் பற்றி இரண்டிலும் ஒரு சொல் கிடையாது. யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அந்த மூத்த மருத்துவருக்கு இந்த இரண்டு பெயரும் இருந்தன. 2020இல் கொரோனா வந்தபோது முகக்கவசம் முகத்தை மறைத்தது. வீடியோ ஆலோசனை கையை விலக்கியது. இவற்றுள் எதை இழந்தபோது நோயாளி நம் பரிவையும் இழந்ததாக உணர்ந்தார்? அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

கொரோனாவுக்கு முன்பே ஹாங்காங்கில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2003இல் சார்ஸ் நோயைக் கண்ட ஊர் அது. அங்குள்ள அரசு மருத்துவ மையங்களுக்கு வந்த 1,030 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பாதியினர் முகக்கவசம் அணிந்த மருத்துவரையும், மறு பாதியினர் அணியாதவரையும் பார்த்தார்கள். வெளியே வந்ததும் கையில் ‘கேர்’ என்ற வினாத்தாள். கிளாஸ்கோவில் ஸ்டூவர்ட் மெர்சர் குழுவினர் உருவாக்கியது. பத்துக் கேள்விகள், மொத்தம் 50 புள்ளிகள். உங்கள் கதையைச் சொல்லவிட்டாரா, உண்மையாகவே காதுகொடுத்துக் கேட்டாரா என்பதுபோன்ற கேள்விகள். 2013இல் முடிவு அச்சானது. முகக்கவசத்தால் சராசரி ஏறத்தாழ ஒரே ஒரு புள்ளிதான் குறைந்திருந்தது.

இவ்வளவுதானா என்று நானும் முதலில் பக்கத்தைப் புரட்டிவிட்டேன். அடுத்த வரியில்தான் விஷயம் இருந்தது. அந்த மருத்துவரை நெடுநாளாக அறிந்த நோயாளிகளிடம் சரிவு மிகப் பெரிதாக இருந்தது. புதிதாக வருபவர்தான் மூடிய முகத்தைக் கண்டு மிரளுவார் என்று எண்ணியிருந்தேன். யோசித்தால் நியாயம் புரிகிறது. புதியவருக்கு என் முகத்தில் இழப்பதற்கு எதுவும் இல்லை. இருபது வருடமாக வருகிறவர், ஸ்கேன் ரிப்போர்ட்டை உறையிலிருந்து நான் உருவும்போதே என் உதட்டைப் பார்த்துச் சேதியைப் படித்துவிடுவார். மூடியது அவருக்குத் தெரிந்த முகம்.

அமெரிக்காவின் வட கரோலைனாவில், 15 அறுவை மருத்துவர்களிடம் வந்த 200 நோயாளிகளில் ஒரு சாராரிடம், வாய் தெரியும்படியான கவசம் அணிந்து பேசினார்கள். பரிவு கண்டதாகச் சொன்னோர் 99 சதவீதம். வழக்கமான கவசத்தில் 85. நம்பிக்கை 94; வழக்கமானதில் 72. ஆனால் அந்தப் பதினைந்து பேரில் எட்டுப் பேர், தாங்கள் அந்தக் கவசத்தைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பில்லை என்றார்கள். மருத்துவ மாணவர்களே, இந்த எட்டு என்ற எண்ணை மறக்காதீர்கள். எனக்கு இது இன்னும் உறுத்துகிறது.

வீடியோவுக்கு வருவோம். இந்தியாவில் தொலைமருத்துவ நெறிமுறைகள் 2020 மார்ச் 25 அன்று வெளியாயின. முகம் திரும்பக் கிடைத்தது; கண் கிடைக்கவில்லை. திரையில் நோயாளியின் முகத்தைப் பார்த்தால், நான் கீழே பார்ப்பதாக அவருக்குத் தெரியும். மேலே இருக்கும் கேமராவைப் பார்த்தால் அவர் எனக்குத் தெரியமாட்டார். இணையம் தடுமாறினால் அவர் பேச்சின்மேல் நம் பேச்சு விழும். “தொட்டுக்கூடப் பாக்காம எழுதுறீங்களே ஐயா” என்று ஒரு முதியவர் வருந்தினார். அதே வாரம் ஓர் அம்மாள், மகள் போனை நிமிர்த்திப் பிடித்ததும், சர்க்கரை அளவைச் சொல்லாமல், “இப்பத்தான் முகம் தெரியுது. இளைச்சுட்டீங்களே” என்றார்.

வயிற்றுவலி என்றால் கவசம் போட்டாவது கை வைத்துப் பார்க்கவேண்டும்; அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பழைய நோயாளியிடம் நெடுநேரம் பேசவேண்டியிருந்தால், மூடிய முகத்தைவிட வீடியோவே மேல் என்பது என் அனுபவம். தலை குனிந்து எழுதும்போது, “உங்கள் பழைய சீட்டைத்தான் பார்க்கிறேன்” என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன்.

காசநோய்ப் பிரிவில் கவசம் கொரோனாவோடு வந்ததும் அல்ல, போனதும் அல்ல. ஆறு மாதம் மருந்து வாங்குகிறவர் தன் மருத்துவரின் மூக்கையும் வாயையும் ஒருமுறைகூடப் பார்க்காமலே குணமாகிப் போகலாம். எபோலா காலத்தில், உடல் முழுவதும் மூடிய மருத்துவப் பணியாளர்களின் சிரித்த முகப்படத்தை அவர்களுடைய உடையின்மேலேயே ஒட்டவைத்தார் மேரி பெத் ஹெஃபர்னன் என்ற அமெரிக்கக் கலைஞர். லைபீரியாவில் நடந்தது அது. அதைப் படித்துவிட்டு நானும் என் படம் ஒன்றை அச்சிட்டு மேல்கோட்டில் குத்திக்கொண்டேன்.

நான்காவது மாத மருந்துக்கு வந்த ஒரு பெரியவர் அதை உற்றுப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். “இத்தன நாளா இவருகிட்டயா பேசிக்கிட்டிருந்தேன்?” என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு வாரமாக மாத்திரையை நிறுத்திவிட்டதைச் சொன்னார்.