ஊர்விட்டுப் படிக்கும் பிள்ளைகள்

(தலவிலவில் நடைபெற்ற ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

கல்விக்காக ஊர்விட்டு ஊர் செல்வது நமக்குப் புதிதன்று. மிஷன் பாடசாலையிற் பயின்ற நாங்களும் நாள்தோறும் பல கட்டை தூரம் பஸ் ஏறிப் போனவர்களே. ஆகவே, அறிவைத் தேடி வெளிமாவட்டம் செல்வோரைக் குறைகூற நாங்கள் வரவில்லை.

ஆனால், இன்று சிலர் தேடுவது நல்ல பாடசாலையை அன்று, மாவட்டத்தின் பெயரையே. ஏன்? 1974இல் பல்கலைக்கழக அனுமதிக்கு மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாண மாணவர் பலர் அதனால் இடமிழந்து மனம் புண்பட்டனர். வசதி குன்றிய மாவட்டங்களுக்கோ அதுவே கதவைத் திறந்தது. இன்று மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கு. 55 இடங்கள் குடித்தொகைப்படி மாவட்டங்களுக்கு. 5 இடங்கள் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. நமது புத்தளமும் அப்பின்தங்கிய வரிசையில் உள்ளது.

மாணவரின் மாவட்டம் எது? பிறந்த ஊரன்று. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் கூடிய காலம் எங்கே படித்தாரோ, அதுவே. இதையறிந்த பெற்றோர் சிலர், வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டத்துக்குப் பிள்ளையை மாற்றுகின்றனர். நுவரெலியாப் பக்கத்தில் இதைப்பற்றிப் பலமுறை குரல் எழுந்துள்ளது. மாவட்டத்தின் இடங்கள் இதனாற் கூடுவதில்லை. வந்தவர் ஒருவர் அமர்ந்தால், ஊர்ப்பிள்ளை ஒருவர் எழும்ப வேண்டியதுதான்.

எனினும், வந்தவரெல்லாரையும் ஒரே கண்ணாற் பார்த்தல் ஆகாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் புத்தளத்திலும் இந்தக் கற்பிட்டிக் கரையிலும் தஞ்சம் புகுந்தனர். அவர்தம் பிள்ளைகள் ஒதுக்கீட்டைத் தேடி வந்தவர்களல்லர். வீடு வாசல் இழந்து வந்தவர்கள். அவர்களுக்கு வாங்கில் இடம் கொடுத்தது இம்மண்ணின் பெருமை.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். கொழும்பிலே படித்தாற் பிள்ளை முன்னேறும் என்று அனுப்புகிறோம். அந்த மூன்று ஆண்டுகளும் அங்கே கழிந்தால், பிள்ளை கொழும்பு மாவட்டக் கணக்கிற் சேர்ந்துவிடும். அங்கே வெட்டுப்புள்ளி உயர்வு. கையிலிருந்த உரிமையைக் கைவிட்டு, கடினமான போட்டியை விலைகொடுத்து வாங்குகிறோம். இங்கோ வகுப்பு மெலிகிறது. மெலிந்த வகுப்புக்கு ஆசிரியர் கிடைப்பது அரிதாகிறது. ஆசிரியர் இல்லையென்று அடுத்த பிள்ளையும் புறப்படுகிறது.

பெற்றோரை மட்டும் குற்றஞ்சொல்லி என்ன பயன்? தமிழ்மொழி மூலம் பௌதிகமும் இரசாயனமும் கற்பிக்க ஆளில்லாவிடில் அவர்கள் வேறென்ன செய்வார்கள்?

ஆதலால் மூன்று காரியங்களைக் கேட்கிறோம். பெரியோர்களே, பிள்ளையை அனுப்புமுன் ஆண்டுதோறும் வெளியாகும் வெட்டுப்புள்ளிகளை மாவட்டவாரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். சங்கத்தாரே, தமிழ்மொழி மூல விஞ்ஞான ஆசிரியர் வேண்டுமென்று வடமேல் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கு ஊரார் கையொப்பத்துடன் விண்ணப்பம் அனுப்புங்கள். மூன்றாவது எங்கள் பங்கு. பல்கலைக்கழக விடுமுறைகளில் இங்கு வந்து, சாதி சமயம் பாராது, வந்த பிள்ளைக்கும் இருந்த பிள்ளைக்கும் ஒன்றாகப் பாடம் சொல்லித்தர நாங்கள் ஆயத்தம். ஓர் அறையும் ஒரு கரும்பலகையும் தாருங்கள்; அது போதும்.