அச்சு யார் கையில்?

(காஞ்சிபுரத்தில் இளைஞர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அண்ணா 1942இல் 'திராவிட நாடு' இதழைத் தொடங்கியது இந்தக் காஞ்சிபுரத்தில்தான். அதற்கு முன்பே 1893இல் இரட்டைமலை சீனிவாசனின் 'பறையன்', 1907இல் அயோத்திதாசரின் 'ஒரு பைசாத் தமிழன்', 1925இல் பெரியாரின் 'குடி அரசு' வந்துவிட்டன. அடுத்தவர் பத்திரிகையில் இடம் கிடைக்கும் என்று இவர்கள் காத்திருக்கவில்லை. தாங்களே அச்சிட்டார்கள்.

இந்த வரலாற்றோடு இஸ்லாமியப் பெண்களின் எழுத்தையும் சேர்த்துப் பார்த்திருக்கிறோமா? பெண்கள் ஆளும் நாட்டைக் கற்பனை செய்த வங்கத்து ரொக்கையாவின் 'சுல்தானாவின் கனவு' 1905இல் முதலில் வெளிவந்தது சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் இதழில். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் 'காதலா? கடமையா?' நாவலைக் கொண்டுவந்தார். துவரங்குறிச்சியில் ஒளித்து ஒளித்து எழுதிய சல்மாவின் கவிதைகளை வீட்டுக்கு வெளியே கடத்தியவர் அவருடைய அம்மா. அவை 2000இல் தொகுப்பாயின. சல்மா என்பதே புனைபெயர்தான்.

திருநங்கையரைப் பற்றிப் பிறர் எழுதிக்கொண்டிருந்தபோது, 2004இல் ரேவதி 'உணர்வும் உருவமும்' தந்தார். 2007இல் லிவிங் ஸ்மைல் வித்யா தன் கதையைத் தானே எழுதினார்.

இன்று ஒரு இஸ்லாமியப் பெண்ணோ பால்புதுமையரோ எழுதினால் நாம் என்ன செய்கிறோம்? ஹிஜாப் பிரச்சினை வந்தால் மட்டும் கட்டுரை கேட்கிறோம். காதல், சமையல், பேய்க்கதை என்று அவர்கள் எழுதினால் 'அரசியல் இல்லை' என்று ஒதுக்குகிறோம். எதை எழுதுவது என்பதை நாமே தீர்மானித்தால், அச்சு இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.

சொந்த வெளியீடு அதனால்தான் தேவை. ஒரு ஏ4 தாளை மூன்று முறை மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கப் புத்தகம். ஜெராக்ஸ் கடை போதும். பதிப்பாளர் தயவு வேண்டாம்.

ஒன்றை மறக்காதீர்கள். 2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும் இஸ்லாமியப் பெண்களின் படங்களைத் திருடி, இணையத்தில் 'ஏலம்' போட்டார்கள். ஆகவே முகம் காட்டு, உண்மைப் பெயர் சொல் என்று யாரையும் வற்புறுத்தாதீர்கள். புனைபெயர் கோழைத்தனமல்ல, பாதுகாப்பு.

இந்த ஊர்ப் பட்டுப் புடவைப் பெட்டியில் கடையின் பெயர் இருக்கும், நெய்தவர் பெயர் இருக்காது. எழுத்திலும் அப்படி நடக்க விடக்கூடாது. அவர்களுக்காக நாம் பேச வேண்டாம். ஜெராக்ஸ் செலவைப் பகிர்வோம், பிரதிகளைக் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்போம், முக்கியமாக, காசு கொடுத்து வாங்கிப் படிப்போம்.