சோதனைக்குத் தப்பிய கிருமி

 

மருத்துவ உதவி கேட்டு வருபவர்களிடம் பழைய சீட்டுகளை எடுத்துவரச் சொல்வோம். வயிற்று எரிச்சல்காரர்கள் பலரிடம் சீட்டு இருக்காது. மருந்துக்கடை மாத்திரை அட்டைதான் இருக்கும். சுல்தான்பேட்டையிலிருந்து கோரிமேடு போய் ஜிப்மர் வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போய்விடும். அந்தக் கணக்கு எங்களுக்கும் தெரியும்.

அப்படி ஒரு மோதினார் வந்தார். வெறும் வயிற்றில் எரிச்சல். குரலும் கம்மி, பாங்குக்கு நடுவே செருமல். பல மாதமாகத் தாமே ஓமிப்ரசோல் வாங்கிப் போட்டுவந்தார். மலப் பரிசோதனையில் கிருமி இல்லை என்றே வந்திருந்தது. நாங்கள் அழைத்துப்போன மருத்துவர் முதலில் கேட்டது, "சோதனைக்கு முன் மாத்திரையை நிறுத்தினீர்களா?" என்பதுதான். அந்த மாத்திரை கிருமியை அடக்கி, சோதனைக்குத் தெரியாமல் ஒளித்துவிடுமாம். இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்தபோது ஹெலிகோபேக்டர் பைலோரி இருந்தது.

குடற்புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று டாக்டர்களே நம்பிய காலம் உண்டு. ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷல் 1984-ல் இந்தக் கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005-ல் ராபின் வாரனோடு நோபல் பரிசு பெற்றார். புற்றுநோய்க்கும் இது ஒரு காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-லேயே அறிவித்துவிட்டது.

மோதினார் பெரும்பாலும் 14 நாள் தரப்படும் கூட்டு மருந்தை முழுதாக முடித்தார். எரிச்சல் நின்றது. குரல் மட்டும் தெளியவில்லை! அது வேறு சங்கதி. இரவு பிந்திச் சாப்பிட்டு உடனே படுத்தால் அமிலம் மேலேறிக் குரல்வளையைப் புண்ணாக்கும். நெஞ்செரிச்சலே இல்லாமலும் இது வரும். தராவீஹ் முடிந்து பிரியாணி, சஹர் முடித்துத் தூக்கம் என்றிருக்கும் நமக்கு இதை விளக்கவும் வேண்டுமா? சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விட்டு, கட்டிலின் தலைமாட்டை உயர்த்திய பிறகுதான் அவர் குரல் மெல்லத் திரும்பியது.

மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மினால், அதிலும் பீடி, புகையிலை பழக்கம் உள்ளவர்கள், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்வளையைக் காட்டிவிடுங்கள். மலம் கருப்பாகப் போனால் அன்றே ஓடுங்கள்.

சோதனைச் செலவுக்கு எங்களிடம் தயங்காமல் கேளுங்கள். வரும்போது அந்த மாத்திரை அட்டையையும் எடுத்து வாருங்கள்.