ஒப்பந்தமும் காப்புறுதியும்



நம் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி, படகு இயந்திரம் திருத்தியும் படம்பிடித்தும் கணினி வேலை செய்தும் பலர் சுயதொழிலால் வாழ்கின்றனர். ஒப்பந்தம் எழுதினாற் போதுமென்று நாம் எண்ணுகிறோம்.

ஒப்பந்தம் வேண்டியதே. ஆனால் அது கையொப்பமிட்டோரை மட்டுமே கட்டும். நாம் திருத்திய இயந்திரம் தீப்பற்றி அயற்படகு எரிந்தால், அப்படகுக்காரர் நம்மிடமே நட்டஈடு கேட்பார். ஒப்பந்தம் பொறுப்பைச் சொல்லும், பணம் தராது. 2004 டிசம்பர் 26இல் கடல்கோள் அள்ளிச்சென்ற கருவிகளை எந்த ஒப்பந்தம் மீட்டது?

வேலையிற் காயமுறும் தொழிலாளிக்கு முதலாளி நட்டஈடு கொடுக்க 1934ஆம் ஆண்டின் கட்டளைச்சட்டம் வகைசெய்கிறது. தமக்குத் தாமே முதலாளியானவருக்கு யார் கொடுப்பார்?

ஒருவர் நட்டத்தைப் பலர் பகிர்வதே காப்புறுதி. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனில் எட்வேட் லொயிட்டின் கோப்பிக் கடையிற் கூடிய வணிகர் கப்பல்களுக்குச் செய்ததும் இதுவே. கப்பலுக்கு வேண்டியது நம் கருவிப்பெட்டிக்கு வேண்டாமா?

கருவிகள், பிறர்க்கு நேரும் சேதம், நம் உடல் ஆகிய மூன்றுக்கும் காப்புத் தேடுவோம். வெள்ளமும் கடற்பெருக்கும் அடங்குமா என்று பத்திரத்தை வாசித்தே கையொப்பமிடுவோம். விண்ணப்பத்தில் உண்மையை மறையோம். மறைத்தால் நட்டஈடு மறுக்கப்படலாம்.

உழைப்பால் ஈட்டியதைக் காப்பதும் உழைப்பின் பகுதியே.