எதை அளக்கப் போறீங்க?

(வானகரம் விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

 

நாட்டில் காடும் மரமும் பெருகிவிட்டதாக ஒரு கணக்கு சொல்கிறார்கள். டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் எடுக்கும் கணக்கு அது. 2024 டிசம்பரில் வெளியான 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி, காடும் மரமும் சேர்ந்து 8,27,357 சதுர கிலோமீட்டர். நாட்டின் பரப்பில் 25.17 சதவீதம். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எதை அளந்தாங்க?

ஒரு ஹெக்டேர், அதாவது ரெண்டரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அதில் பத்து சதவீதத்துக்கு மேல் மரத்தின் தலை மூடியிருந்தால் அது 'காட்டுப் பரப்பு'. நிலம் யாருடையது, என்ன மரம் என்ற கேள்வியே கிடையாது. மலைக்காடும் அதுதான், மாந்தோப்பும் அதுதான், ஏரியை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலமும் அதுதான்! ஒரு பக்கம் பழைய காடு அழிந்து, இன்னொரு பக்கம் தைலமரத் தோப்பு வந்தால், கழித்துக் கூட்டி 'உயர்வு' என்று போட்டுவிடலாம்.

செயற்கைக்கோள் படத்தின் ஒரு புள்ளி 23.5 மீட்டர் சதுரம். நம்ம கணக்கில் பதிமூணு சென்ட்டுக்கு மேல. வரப்போரப் பனை அதில் தனியாகத் தெரியுமா? வெளி மரங்களுக்கு மாதிரி இடங்களில் ஆள் போய் அளக்கிறார்கள். மரத்தின் பெயர், தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் பருமன், எல்லாம் எழுதுகிறார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் அறிக்கையில் முன்னால் நிற்பது பரப்பு, கன மீட்டர், கார்பன். பனை தரும் நுங்கும் பதநீரும் ஓலையும் கன மீட்டரில் அடங்குமா?

இது வெறும் ஏட்டுச் சண்டை இல்லை, தோழர்களே. இந்த வட்டாரத்தில் ஏரிப் பாசன நிலமெல்லாம் மனையாகவும் புறவழிச் சாலையாகவும் போனதை நாம் கண்ணால் பார்த்தவர்கள். சாலைக்கு நிலம் எடுக்கும்போது காய்க்கிற மரத்துக்கு என்ன விலை? 2013 நில எடுப்புச் சட்டத்தின் 29ஆவது பிரிவு, மரத்தை மதிப்பிட அனுபவமுள்ளவர்களின் உதவியை ஆட்சியர் பெறலாம் என்கிறது. சரி, மரம் இருந்ததற்கு ஆதாரம்? ஏட்டில் ஏறாத மரம் விலைக்கும் வராது. 'ஒரு மரத்துக்குப் பத்து கன்று' என்பார்கள். கன்று பிழைத்ததா என்று யார் எண்ணுவது?

தமிழ்நாடு 2022இல் பசுமை இயக்கம் தொடங்கி 33 சதவீத இலக்கு வைத்திருக்கிறது. வரவேற்கிறோம். அந்த 33ஐ கருவேலம் நிரப்பக் கூடாது!

நமது கோரிக்கைகள்:

1. கிராமவாரியாக மரப் பதிவேடு வேண்டும். மரத்தின் பெயர், பருமன், காய்ப்பு, உரிமையாளர் எல்லாம் அதில் ஏற வேண்டும். புறம்போக்கு மரத்துக்கு 2சி பட்டா இருக்கும்போது, பட்டா நில மரத்துக்கு ஏன் முடியாது?

2. நாட்டு மரம், தோப்பு, சீமைக்கருவேலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டு!

3. நட்டது எத்தனை, பிழைத்தது எத்தனை, வெட்டியது எத்தனை என்று கிராம சபையில் படி!

நிலமும் மரமும் நம்முடையது. கணக்கு மட்டும் எங்கேயோ எழுதப்படுவதா? பதிவேடு கேட்டு அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடுவோம். குடும்பத்தோடு வாருங்கள்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!