ஆடலும் ஒரு மன்றாட்டே

(யூபிலி விழா நடனப் பயிற்சியின் தொடக்கத்தில் பெற்றோரிடையே நிகழ்த்திய உரை)



யூபிலி மேடைக்காகப் பிள்ளைகளுக்கு நடனம் பயிற்றுவிப்போம் என்று பூசையில் அறிவித்தோம். மறுநாளே மூன்று வீடுகளில் பெண்பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். “சாமி, கோயில் பிள்ளைகள் கூத்தாடலாமா?” என்று ஒரு தாயார் நம்மிடமே கேட்டார். அதில் நமக்கு வருத்தம் இல்லை. குருமடத்தில் பயின்ற நாளில் நமக்கும் ஆட்டம் என்றால் முகச்சுளிப்புத்தான். முன்பு இருந்த ஒரு பங்கில், கோயில் முற்றத்தில் கும்மியடித்த சிறுமியை நாம் கடிந்துகொண்டோம். அதன்பின் அவள் பாடற்குழுவுக்கே வரவில்லை. அது இன்றும் நம் மனத்தை உறுத்துகிறது. ஆகவே ஆடல் என்றால் என்ன என்று முதலில் அறிவோம். பிறகு முடிவு செய்வோம்.

ஆடலுக்கு அடிப்படை நான்கு: உடல், இடம், காலம், விசை. இவை உங்களுக்குப் புதியவை அல்ல. நம் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பாருங்கள். காலை ஊன்றி இடுப்பைத் தாழ்த்துவது உடல். வலை நெருங்க நெருங்க இரு வரிசைகளும் நெருங்கி வருவது இடம். ஒரே குரலுக்கு எல்லாரும் சேர்ந்து இழுப்பது காலம். எங்கே இறுக்குவது, எங்கே தளர்த்துவது என்பது விசை.

பரதநாட்டியமும் இவற்றின் மேல் எழுந்ததே. நிற்கும் நிலை, கால்தட்டு, கையசைவு மூன்றும் சேர்ந்த சிறு அலகு அடவு. எழுத்துகள் கூடிச் சொல்லாவதுபோல அடவுகள் கூடி ஆட்டமாகும். முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்து நிற்கும் அரைமண்டியில் தொடங்கி, அடவை மூன்று காலங்களில் பயில்வார்கள். இரண்டாம் காலம் முதற்காலத்தைவிட இருமடங்கு விரைவு. மூன்றாம் காலம் நான்கு மடங்கு. தாளத்துக்கு மட்டும் ஆடுவது நிருத்தம். பாட்டின் பொருளைக் கையாலும் முகத்தாலும் உணர்த்துவது நிருத்தியம். கதையை நடித்துக் காட்டுவது நாட்டியம். இரு கைகளும் இணையும் முத்திரைகளில் முதலாவது எது தெரியுமா? அஞ்சலி! நாள்தோறும் பீடத்தின் முன் நாம் கைகூப்புகிறோமே, அதுதான்.

செங்கடலைக் கடந்தபின் மிரியாம் ஆடினாள். திருப்பேழை முன் தாவீது அரசர் ஆடினார். அதைச் சன்னல் வழியே கண்டு இகழ்ந்தவள் சவுலின் மகள். நாம் அந்தச் சன்னலில் நிற்க வேண்டாம்.

சதிர் என்று ஒருகாலத்தில் இகழப்பட்ட கலைக்கு 1936-இல் ருக்மிணி தேவி சென்னையில் கலாக்ஷேத்ராவை நிறுவினார். 1963-இல் வத்திக்கான் சங்கம் மக்களின் பண்பாட்டுக்கு வழிபாட்டின் கதவைத் திறந்தது. 1977-இல் திருச்சியில் குருவானவர் ஜார்ஜ் கலைக்காவிரியைத் தொடங்கினார். பிரான்சிஸ் பார்போசா அடிகளார் கிறிஸ்தவக் கருத்துகளைப் பரதத்தில் ஆடிக் காட்டினார்.

தாய்மாரே, உங்கள் அச்சத்திலும் நியாயம் உண்டு. சினிமா ஆட்டம் நம் மேடையில் இராது. உடை அடக்கமாயிருக்கும். பயிற்சி மாலைச் செபத்துக்கு முன் முடியும். நீங்களும் வந்து உட்காருங்கள். இது விழா மேடைக்கு உரியது. ஆயரின் அனுமதியின்றித் திருப்பலியில் நுழைக்கமாட்டோம். யாரையும் வற்புறுத்தவும் மாட்டோம். ஆனால் அந்த மூன்று பிள்ளைகளின் இடத்தை வரிசையில் காலியாகவே வைத்திருப்போம்.

செங்கோல் அன்னை நமக்காகப் பரிந்து பேசுவாளாக.